இன்னும் ஐந்து நிமிடம்

பதினோரு படகுகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க ஹால்வருக்கு ஏழு நிமிடம் போதும். முதல் நாள் ஏழு நிமிடம்தான் ஆனது. பதிமூன்றாம் நாளான இன்று முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. படகுகள் கூடவில்லை. படகுக்காரர்களின் எரிச்சல்தான் கூடியிருந்தது.

“ஷோகுட், ஷோகுட், ராக்கெட் தளத்துலேருந்து ஹால்வர் பேசுறேன். விடிகாலை மூணு மணியிலேருந்து ஆறரை வரைக்கும் கோட்டுக்கு வெளிய இருக்க முடியுமா?”

“முடியாதுன்னா என்ன பண்ணுவே?”

“மறுபடியும் கேட்பேன்.”

“அப்பா சாமி, வேண்டாம். படகைத் திருப்பிட்டேன். உன் தொல்லைக்குப் பயந்துதான் திருப்புறேன், உன் ராக்கெட்டுக்குப் பயந்து இல்ல.”

தீவின் மேற்குக் கரையில் ராக்கெட் ஏவுதளம் இருந்தது. ராக்கெட் கிளம்பினால் அதன் எரிந்துபோன பாகங்கள் கடலில் வந்து விழும். விழும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு, அதற்குள் ஒரு தோணிகூட இருக்கக் கூடாது. ஆனால் கடலில் இருக்கிற மீனவனை ‘போ’ என்று சொல்ல தளத்துக்கு அதிகாரம் கிடையாது. கேட்கலாம், அவ்வளவுதான். கேட்பதற்கு என்று ஒரு ஆள் வேண்டியிருந்தது. முப்பது வருடம் மீன் பிடித்து, தோள்பட்டை கழன்று, படகுகள் எல்லாவற்றுக்கும் குரல் தெரிந்த ஒருவராகப் பார்த்துப் பிடித்துப் போட்டார்கள். கெஞ்சுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் இந்த நாட்டிலேயே நான்தான் என்று ஹால்வர் முன்பெல்லாம் சிரித்தபடி சொல்வார். இந்தப் பதிமூன்று நாளில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அதுவும் ஜனவரி மாதம். வடக்குக் கடலிலிருந்து முட்டையும் கொழுப்புமாகக் காட் மீன் கூட்டம் இறங்கி வரும் மாதம். வருடம் முழுக்கக் காத்திருந்தது இந்த எட்டு வாரத்துக்குத்தான். அந்த மீன் இந்த வருடம் பார்த்துப் பார்த்து ராக்கெட் விழுகிற இடத்திலேயே வந்து கூடாரம் போட்டிருந்தது. பன்னிரண்டு நாளாகப் படகுகள் விலகி நின்றன. பன்னிரண்டு நாளும் ராக்கெட் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு நாள் காற்று, ஒரு நாள் மேகம், ஒரு நாள் ராக்கெட் தேடிப் போகிற துருவ ஒளியே வானத்தில் இல்லை.

கடைசியாக ஒரு படகு பாக்கி. அதை ஹால்வர் எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார்.

“ஹவெல்லா, ஹவெல்லா. ஹால்வர்.”

பதில் வர நேரமானது. ஹவெல்லா ஒரு காலத்தில் பாதி ஹால்வருடையதாக இருந்த படகு. மீதிப் பாதி ஸ்டைனாருடையது. ஹால்வரின் தங்கை ஆஸ்லௌக்கைக் கட்டியவர் அவர். தோள் போன பிறகு தன் பாதியையும் ஸ்டைனாரிடமே விட்டுவிட்டுக் கரையேறியவர் ஹால்வர்.

“ஹவெல்லா,” என்றார் ஸ்டைனார். “சொல்லு மச்சான். எத்தனை மணி வரைக்கும்?”

“ஆறரை.”

“யார் கடிகாரத்துல? உன் கடிகாரத்துலயா, உலகத்துக் கடிகாரத்துலயா?”

“ஆறரை,” என்று மறுபடி சொன்னார் ஹால்வர். நாலு நாளாக இதே கேள்விதான். பதிலும் அதேதான்.

ஒன்பதாம் நாள் நடந்த சங்கதி அது. அன்று ராக்கெட் கிளம்புவதற்கான இறங்கு எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் படகுகளுக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் போய் வலையைப் பார்ப்பார்கள். அது தளத்தின் விதி. ஆனால் போனவர்களை மறுபடி வெளியே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வானம் மாறிவிடும். படகுகளை எப்படியாவது வெளியே நிறுத்தி வையுங்கள் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். ஹால்வருக்கும் அன்று தொண்டை கட்டியிருந்தது. பதினோரு பேரிடம் மறுபடி முதலிலிருந்து கெஞ்சுவதை நினைத்தாலே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. “இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்று சொன்னார். அரை மணி கழித்து மறுபடி, “இன்னும் அஞ்சு நிமிஷம்.” நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை வாய் கூசாமல் அதையே சொன்னார். எண்ணிக்கை அன்று நகரவே இல்லை.

ஏழேகாலுக்குக் கடல் கலங்கத் தொடங்கியது. மற்றவர்கள் தப்பித்தார்கள். ஸ்டைனாரின் வலைதான் தூரத்தில் இருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் புயல் நாற்பது வலையையும் பாறையில் சுற்றி அறுத்துவிட்டது.

வலை போனது போகட்டும். அறுந்த வலை அடியில் கிடந்து சும்மா இருக்காது. மீன் வந்து மாட்டும், மாட்டிச் சாகும், அழுகும், அதைத் தின்ன வருவதும் மாட்டும். எடுக்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். மீனவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதற்கப்புறம் ஸ்டைனார் ஹால்வரின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் முதல் காட் மீனை ஈரலும் முட்டையுமாகப் பையில் கட்டி ஹால்வர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள் ஆஸ்லௌக். இந்த வருடம் கைப்பிடியில் பனிதான் தொங்கியது. ஹால்வர் தினமும் வேலை முடிந்து வரும்போது பார்ப்பார், பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

“விலகிடுறேன்,” என்றார் ஸ்டைனார் கடைசியில். “கோட்டுக்கு வெளிய எனக்கு ஒரு வரிசை வலை இருக்கு. அதை இழுத்துக்கிட்டு இருக்கேன். உனக்காக இல்ல. ஆஸ்லௌக் சொன்னா.”

*

ஹால்வரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்தில் ராக்கெட் வெடித்தாலும் தாங்கும்படி கட்டிய கான்கிரீட் பெட்டி அது. ஒரு வானொலி, படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் ஒரு திரை, ஒரு சுவர்க்கடிகாரம், காபிக் குடுவை, ஒரு பதிவேடு. பதினோரு வருடமாகத் துருவ ஒளிக்காக வேலை பார்க்கிற மனுஷன், வேலை நேரத்தில் ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் பதினோரு கோடு. கடல் திறந்துவிட்டது என்று ஹால்வர் மணியோடு அறிவிப்பார். ஒவ்வொரு படகும் தன் பெயரையும் அதே மணியையும் திருப்பிச் சொல்லும். அதைக் கோட்டில் எழுத வேண்டும். சில காலைகளில் யாராவது அலுத்துப்போய்ப் பதில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஹால்வர் தானே எழுதி நிரப்பிவிடுவார். கோடு காலியாக இருந்தால் யார் போய்ப் பதில் சொல்வது!

ஐந்து நாற்பதுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு இங்ரூன் வந்தாள். ராக்கெட்டின் தலையில் இருக்கும் கருவிகள் அவளுடையவை. நாற்பத்து நான்கு வயது, காலில் செருப்பில்லாமல் கம்பளி உறை மட்டும், கையில் கடித்துவிட்டு மறந்துபோன பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டி. ஏழு வருடமாக இதே வேலையாக இருக்கிறாள். இன்று ஆறரையோடு அவளுக்குக் கொடுத்த நாட்கள் தீர்ந்தன. நாளைக்கு ராக்கெட்டை ஏவுமேடையிலிருந்து இறக்கி, கருவிகளைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி எப்போது முறை வரும் என்று கேட்டால் தளத்தில் எல்லோரும் தோளைக் குலுக்கினார்கள்.

“ஹால்வர், ஒரு உதவி,” என்று சொல்லிவிட்டு வேறு நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தாள். “வடக்குத் தீவுல வானத்தைப் பார்க்கிற கேமரா குருடாயிடுச்சு. கண்ணாடி மேல பனி. துடைக்கிற ஆள் அங்க பனிப்புயல்ல வீட்டைவிட்டு வெளிய வர முடியல.”

“இங்கேருந்து பார்க்க முடியாதா?”

“தலைக்கு மேல நட்சத்திரம் பளபளன்னு இருக்கு. வடக்க மட்டும் ஒரு மேகச் சுவர். ராக்கெட் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே போகுது? ராத்திரி ஒரு மணிக்குப் பச்சை ஒளி நல்ல ஆட்டம் ஆடி முடிஞ்சுது. இப்ப அங்க என் சமாச்சாரம் ஓடிக்கிட்டு இருக்கணும். காந்த ஊசி அப்படித்தான் சொல்லுது. ஆனா கண்ணால பார்க்காம டோர்கிரிம் பொத்தானை அழுத்த மாட்டேங்குறான்.”

டோர்கிரிம் தளத்தின் மேலாளன். விதியென்றால் விதி. எண்ணிக்கையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு மேல்தளத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

அவள் ‘என் சமாச்சாரம்’ என்று சொல்வது எது என்று ஹால்வருக்குத் தெரியும். படங்களில் வருகிற பச்சைத் திரை அல்ல. அந்த ஆட்டமெல்லாம் அடங்கி, வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்த பிறகு, விடியலை ஒட்டி வருகிற ஒன்று. இரண்டாம் நாள் காபி குடிக்கும்போது அவளே சொல்லியிருந்தாள். “சூரியன் தள்ளிவிட்ட துகள் எல்லாம் பூமியோட காந்தத்துல மாட்டிக்கிட்டு மேலே சுத்திக்கிட்டு இருக்கும். கீழ விழாது. திடீர்னு யாரோ சல்லடையை ஆட்டுற மாதிரி ஒரு அலை வந்து ஆட்டும். ஆட்டினா கொட்டும். நிறுத்தினா நின்னுடும். மறுபடி ஆட்டும். அந்தக் கையை நான் பார்க்கணும் ஹால்வர். கொட்டுற நேரத்துல உள்ள போய்ப் பார்க்கணும்.”

“வடக்க உங்க படகு ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள் இப்போது. “மேகத்துக்கு அந்தப் பக்கம்?”

ஹால்வர் திரையைப் பார்த்தார். பத்துப் புள்ளிகள் தெற்கே ஒதுங்கியிருந்தன. மேகத்தைத் தாண்டி, கோட்டுக்கு அரை மைல் வெளியே, தனியாக ஒரு புள்ளி.

“ஒண்ணே ஒண்ணு இருக்கு,” என்றார். வேறு எதுவாக இருந்தாலும் தேவலை என்று தோன்றியது.

கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் கரகரப்பு. பிறகு ஸ்டைனாரின் குரல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு:

“வெளிச்சமா? அட, ஏன் கேக்குறே மச்சான்! வானம் பூராவும் பச்சை. திரைச்சீலை மாதிரி அப்படியே ஆடுது. இதைவிட நல்லா இனி வராது. சுடச் சொல்லு, சுட்டு முடிச்சிட்டு எங்க கடலை எங்களுக்குக் கொடுக்கச் சொல்லு.”

இங்ரூனின் முகம் சுண்டிப்போயிற்று.

“ஆடுதா?”

“ஆடுதுன்னு சொல்றாரு.”

“அப்போ இல்ல.” கையிலிருந்த ரொட்டியைத் தரையில் வைத்தாள். “புதுசா இன்னொரு ஆட்டம் ஆரம்பிச்சிருக்கு. அது அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆறரைக்குள்ள நடக்காது. ஊசி அப்படிச் சொல்லலையே... ஆனா ஊசி இங்க இருக்கு. அவரு அங்க இருக்காரு.” சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். “முடிஞ்சுது ஹால்வர். டோர்கிரிம்கிட்ட சொல்லிடுறேன். எல்லாரும் போய்த் தூங்கட்டும்.”

தூக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஹால்வரின் உடம்பு முழுக்க இளகியது. பதிமூன்று நாள். இத்தோடு முடிந்தது. கடல் திறந்தாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்துவிடலாம். யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் வானொலியில் ஸ்டைனாரின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. கர்... கர்... டக். கர்... கர்... டக். வலை இழுக்கும் எந்திரம். அந்த டக் அந்த எந்திரத்தின் பல்லில் ஒன்று உடைந்ததால் வருவது. உடைத்தது ஹால்வர்தான், இருபது வருடத்துக்கு முன்னால்.

இருட்டில் யாரும் வலை இழுப்பதில்லை. இழுத்தால் விரல் போய்விடும். ஹவெல்லாவில் நாலு பெரிய விளக்குகள் படகின் தட்டுக்கு மேல் எரியும். அந்த விளக்குகளுக்கு அடியில் நின்றால் பத்தடி தள்ளிக் கடலே தெரியாது, வானம் எங்கே தெரிவது? முப்பது வருடம் அந்த விளக்குகளுக்கு அடியில் நின்றவருக்கு அது தெரியாதா? ஸ்டைனார் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தபால் அட்டையில் இருப்பதை எடுத்துவிட்டிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அரை நிமிடம் அப்படித்தான் இருந்தார். அந்த அரை நிமிடத்தை நினைத்து அவர் பின்னால் வெட்கப்பட்டார், ஆனால் இருந்தது உண்மை. இங்ரூன் எழுந்து கதவுக்குப் போய்விட்டாள்.

“நில்லுங்க,” என்றார். “அவன் பொய் சொல்றான்.”

“எதுக்குப் பொய் சொல்லணும்?”

“என்கிட்டேருந்து கத்துக்கிட்டான்.”

அவளுக்குப் புரியவில்லை. ஒன்பதாம் நாளைப் பற்றி ஹால்வர் நாலு வரியில் சொன்னார். நாற்பது வலை என்று சொன்னபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“எப்படியாவது நிறுத்தி வைங்கன்னு நான்தானே கேட்டேன்?”

“கேட்டது நீங்க. சொன்னது நான்.”

தொலைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஸ்டைனார் எடுக்கவில்லை. வேறு அலைவரிசைக்கு வரச் சொன்னால் வரமாட்டார். இருப்பது இந்த ஒரே அலைவரிசைதான். பதினோரு படகும் காதைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற அலைவரிசை. அடுத்த மாதம் இன்னொரு ராக்கெட் வருகிறது, அதற்கடுத்து இன்னொன்று. ஹால்வரின் குரலை நம்பித்தான் அந்தப் பதினோரு பேரும் படகைத் திருப்புகிறார்கள். அதைத் தவிர அவரிடம் விற்பதற்கு வேறு சரக்கு கிடையாது.

மணி ஐந்து ஐம்பத்து மூன்று. பொத்தானை அழுத்தினார்.

“ஹவெல்லா. ஹால்வர் பேசுறேன். எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க, கேளுங்க. ஒன்பதாம் நாள் நாலு மணிக்கே எண்ணிக்கை நின்னுபோச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஏழு மணி வரைக்கும் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். உங்களை மறுபடி கூப்பிட எனக்கு அலுப்பா இருந்துச்சு. வேற காரணம் இல்ல. ஸ்டைனார், உன் வலை போனது புயலால இல்ல. என்னால போச்சு.”

கர்... கர்... டக். எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப நீ சொன்னதும் பொய்யின்னு எனக்குத் தெரியும். உன் எந்திரம் ஓடுது. விளக்கு எரியுது. நான் சொன்னதுக்கு நீ சொன்னது சரியாப் போச்சு. ஆனா இங்க ஒரு பொண்ணு ஏழு வருஷமா உக்காந்திருக்கா. அவ உன் வலையை அறுக்கல. எந்திரத்தை நிறுத்து. விளக்கை அணை. பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிட்டு மேல பாரு. என்ன இருக்கோ அதைச் சொல்லு. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லு.”

பொத்தானை விட்டார். உடனே மேல்தளத்திலிருந்து டோர்கிரிம் உள்பேசியில் கத்தினான்.

“ஹால்வர்! என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? பதினோரு படகும் கேட்டிருக்கும்!”

“கேட்கணும்னுதான் பேசினேன்.”

“இனிமே எவன் நகருவான்?”

ஹால்வர் உள்பேசியின் ஒலியைக் குறைத்தார். இங்ரூன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வானொலியையே பார்த்தபடி நின்றாள்.

கர்... கர்...

நின்றது.

ஆறு மணி ஆயிற்று. ஆறு மூன்று. வேறு படகுகளும் வாய் திறக்கவில்லை. ஹால்வர் குடுவையைத் திறந்து, ஆறிப்போன காபியை ஊற்றி, குடிக்காமல் வைத்தார்.

“ஹவெல்லா,” என்றது வானொலி. உற்சாகமெல்லாம் போய், களைத்த மனிதனின் குரல். “விளக்கை அணைச்சுட்டேன். பச்சையும் இல்ல, ஆட்டமும் இல்ல. முதல்ல சொன்னது சும்மா. ஒண்ணும் இல்ல மச்சான். மேகம்தான்.”

இங்ரூன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்ன மாதிரி மேகம்?” என்றார் ஹால்வர். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. பேச்சை உடனே முடிக்க மனசு வரவில்லை.

“என்ன மாதிரின்னா? துண்டு துண்டா. வெளுத்துப்போய். தலைக்கு மேல அஞ்சாறு இருக்கு, வடக்க...” நிறுத்தினார். “இரு.”

“என்ன?”

“ஒண்ணு அணைஞ்சு போச்சு.”

“மேகம் அணையுமா?”

“அதான் நானும் கேக்குறேன். இருந்த இடத்துல இல்ல. இரு, இரு... இதோ வந்துடுச்சு. அதே இடத்துல. அதே அளவு. பக்கத்துல இருக்கிறது இப்ப போச்சு.”

இங்ரூன் ஹால்வரின் கையிலிருந்து பேசுகருவியைப் பிடுங்காத குறைதான். “எண்ணச் சொல்லுங்க! போறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல எண்ணச் சொல்லுங்க. மேகம்னா மறைச்சுடும், அது வழியா நட்சத்திரம் தெரியுதான்னு கேளுங்க!”

கேட்டார்.

“நட்சத்திரம் தெரியுது. நல்லாவே தெரியுது,” என்றார் ஸ்டைனார். “போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு, எட்டு. வந்துடுச்சு. ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சுக்கிட்டு வரல, அதது அதோட இஷ்டத்துக்கு. என்ன எழவு மச்சான் இது? முப்பத்தஞ்சு வருஷமாக் கடல்ல இருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லையே!”

“விளக்கைப் போட்டுக்கிட்டு நின்னா எப்படிப் பார்ப்ப?” என்றார் ஹால்வர்.

இங்ரூன் அதற்குள் “என் சமாச்சாரம்தான் அது!” என்று கத்தியபடி மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள். கம்பளிக் காலுறை வழுக்கி ஒரு படியில் விழுந்த சத்தமும், எழுந்து மறுபடி ஓடிய சத்தமும் கேட்டன.

டோர்கிரிம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்தான். அந்த ‘மேகத்தின்’ ஊடாக நட்சத்திரம் தெரிந்தது என்பதை எழுதிக்கொண்டான். ஹவெல்லா கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறதா என்று மூன்றாம் முறையும் பார்த்தான். ஆறு பதினேழுக்கு எண்ணிக்கை மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆறு பத்தொன்பதுக்கு அறையின் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. காபியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஹால்வருக்கு ராக்கெட் என்றால் எப்போதும் அந்தக் காபிதான்.

“வருது,” என்றார் ஸ்டைனார். யாரும் கேட்காமலே. “தெற்கேருந்து மேகத்துக்கு மேல ஒரு நட்சத்திரம் ஏறி வருது. அணைஞ்சுடுச்சு. இல்ல, மறுபடி எரியுது. நேரா அந்த வெளுத்த துண்டு இருக்கிற பக்கம்தான் போகுது. உள்ள போயிடுச்சு மச்சான். இப்ப தெரியல.”

ஹால்வர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டால் தெரியும்போல இருந்தது, ஆனால் மூடினால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில் மூடவில்லை.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மேலே யாரோ கூவினார்கள், நாற்காலி உருண்டது, பலர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இங்ரூன் அழுவது உள்பேசியில் கேட்டது. கருவிகள் எல்லாமே பேசின, ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். கீழே ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு அந்த நேரத்தில் யாருக்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று ஹால்வரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

கடைசிப் பாகமும் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் பொத்தானை அழுத்தினார்.

“எல்லாப் படகுகளுக்கும், ராக்கெட் தளத்துலேருந்து ஹால்வர். கடல் திறந்தாச்சு. மணி ஆறு முப்பத்தேழு.”

பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் திறந்து காத்திருந்தார்.

எப்போதும் ஷோகுட் முதலில் வரும். வரவில்லை. மற்ற யாரும் வரவில்லை. அலைவரிசையில் வெறும் இரைச்சல். ஒருவேளை கேட்கவில்லையோ என்று திரையைப் பார்த்தார். தெற்கே ஒதுங்கியிருந்த பத்துப் புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் இந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அது அவருக்கு ஐந்து ஐம்பத்து மூன்றுக்கே தெரியும். தெரிந்திருந்தும் வலித்தது. பதினோரு வருடம் அந்தப் பெயர்களைக் காலையும் மாலையும் கூப்பிட்டவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

வானொலியில் கர் என்று ஒரு சத்தம். கர்... கர்... டக்.

“ஹவெல்லா,” என்றார் ஸ்டைனார்.

ஹால்வர் காத்திருந்தார். யார் கடிகாரத்துல என்ற கேள்வி வரும். வரட்டும்.

“ஹவெல்லா,” என்றார் மறுபடியும். “ஆறு முப்பத்தேழு.”

அவ்வளவுதான். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஹால்வர் ஹவெல்லாவின் கோட்டில் ஆறு முப்பத்தேழு என்று எழுதினார். மீதிப் பத்துக் கோடுகளின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவற்றைக் காலியாகவே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.